மேல் நம்பர், கீழ் நம்பர்

சேசு மரி சூசை துணை

பெசன்ட் நகர், சென்னை
12.1.2025

அன்புத் தம்பி ஆண்டனிக்கு அக்கா ரெஜினா எழுதுவது. நான் சுகம். உன் சுகத்துக்குக் கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நின்று வேண்டிக்கொண்டுதான் தினமும் மீன் கூடையைத் தூக்குகிறேன். அந்தமானில் மழை விட்டதா? உனக்குக் காது கேட்காது, எனக்கு இருப்பது பட்டன் போன். ஆக நமக்குத் தபால்காரரை விட்டால் வேறு கதி இல்லை.

போன வாரம் குப்பத்துக்கு ஒரு டாக்டர் பெண் வந்தாள். சிம்ரா என்று பெயர். ஏதோ ஆராய்ச்சியாம். அறுபத்தைந்து, அறுபத்தாறில் அரிசியும் கிடைக்காமல், கடலிலும் மீன் படாமல் இங்கே ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள் அல்லவா? அந்தச் சமயம் தாய் வயிற்றிலோ, சின்னக் குழந்தையாகவோ இருந்தவர்களுக்கு வயதான பிறகு பிரஷர் அதிகமாகிறதா என்று பார்க்கிறார்கள். பழைய கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து ஆட்களைத் தேடிக்கொண்டு வருகிறாள். என் பெயருக்குச் சில பக்கம் தள்ளி உன் பெயர் இருந்ததாம். "ஆண்டனி, பிப்ரவரி அறுபத்தாறு. இவர் எங்கேம்மா?" என்றாள். "அவன் இங்க இல்லம்மா, ஹட்பேல ஐஸ் பிளான்ட்ல மிஷின் ஓட்டிக்கினு கீறான்" என்று வாய் சொல்லிவிட்டது.

அங்கே ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்து, மேல் நம்பர் கீழ் நம்பர் இரண்டையும் எழுதிச் சீட்டு அனுப்பச் சொல்கிறாள். மறக்காதே.

ரங்கநாதன் தெருவில் உனக்கு ஒரு சட்டை எடுத்து அனுப்பியிருக்கிறேன். மாம்பலம் ஸ்டேஷன் படி ஏறும்போது கொஞ்சம் தலை சுற்றியது. அந்தக் கூட்டத்தில் யாருக்குத்தான் சுற்றாது?

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.
அக்கா ரெஜினா

*

ஹட்பே, அந்தமான்
4.2.2025

அக்காவுக்கு ஸ்தோத்திரம். ஆண்டனி நலமாக இருக்கிறேன். அக்கா சுகம் என்று எழுதியிருந்ததைப் படித்துச் சந்தோஷம். சட்டை வந்தது. தொப்பை இருக்கும் என்று நினைத்து எடுத்தாயா? உள்ளே இன்னொருவன் நுழையலாம்.

இதோ உன் டாக்டரம்மாவுக்குச் சீட்டு. மேல் நம்பர் 116, கீழ் நம்பர் 74. நர்ஸ் இரண்டு தடவை பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அறுபதை நெருங்குகிற ஆளுக்கு இது வாலிபப் பிள்ளையின் பிரஷராம். பஞ்சத்துப் பிள்ளை என்று அம்மா எனக்கு ஊட்டிய முட்டை ஒன்றும் வீண் போகவில்லை. நினைவிருக்கிறதா? ஒன்றாம் வகுப்பில் நான்தான் எல்லாரிலும் குள்ளம். "பாவம், பஞ்சத்துல பொறந்த கொழந்தை" என்று சொல்லி டீச்சர் மதியச் சோற்றில் எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி போடுவார். வீட்டில் மீன் தலை எனக்கு, உனக்கு வால். நான் தின்று முடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் நீ தட்டு எடுப்பாய்.

அடுத்த பிப்ரவரியில் அறுபது முடிகிறது. பிளான்டில் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். நான் நேராக உன்னிடம்தான் வருவேன். கட்டிக்கொண்டவள் ஸ்டெல்லாவும் போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை அவள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வேன். இப்போது யாரும் என்னிடம் பேச வருவதில்லை. ஒவ்வொன்றையும் கத்திச் சொல்ல வேண்டுமே, எவனுக்குத் தொண்டை இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது.

எல்லாம் சரி, உன் நம்பர் என்ன? எழுதவே இல்லையே.

உன் அன்புத் தம்பி
ஆண்டனி

*

சேசு மரி சூசை துணை

பெசன்ட் நகர்
26.2.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகம் என்று சீட்டே சாட்சி சொல்கிறது.

உன் நம்பரைப் பார்த்து சிம்ராவுக்கு ஒரே ஆச்சரியம். "ஒரே வீடு, ஒரே பஞ்சம், அக்காவும் தம்பியும். எப்படி இப்படி?" என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறாள். நம் இருவரைப் பற்றித் தனியாக எழுதப் போகிறாளாம். நல்ல பெண். மூன்று தடவை வந்துவிட்டாள். வரும்போதெல்லாம் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். அவர்கள் எல்லாருக்கும் கொடுக்கிற மாத்திரைதான், நீ பயந்து சாகாதே.

பிப்ரவரியில் வருவதாக எழுதியிருக்கிறாய். நன்றாக யோசி. இங்கே என்ன இருக்கிறது? கடற்கரையில் சாயங்காலமானால் கார் நிறுத்த இடமில்லை. படகு இழுத்துப் போடவும் இடமில்லை. என் வீடு உனக்குத் தெரியும், ஒருவர் படுத்தால் இன்னொருவர் நிற்க வேண்டும். அங்கே காற்று நல்லது, தண்ணீர் நல்லது.

என்னிடம் இருந்த கருவாடு முழுவதையும் கட்டி அனுப்பியிருக்கிறேன். சுறா, நெத்திலி, வாளை எல்லாம் உண்டு. நான் இப்போது அதிகம் தொடுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், ஆண்டவர் துணை.
அக்கா

*

ஹட்பே
21.3.2025

அக்காவுக்கு ஸ்தோத்திரம். நலம். நேற்று பார்த்தேன், 118/76. உன்னுடையது?

பார்சல் வந்தது. பிரித்தவுடன் குவார்ட்டர்ஸ் முழுக்க நம் குப்பத்து வாசனை. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கருவாடு இல்லாமல் நீ ஒரு வாய் சோறு இறக்கி நான் பார்த்ததில்லை. மாமா உன்னைத் தனியாக விட்டுப் போன அன்றுகூட நெத்திலியைச் சுட்டுக் கொடுத்துத்தான் உன்னை இரண்டு வாய் சாப்பிட வைத்தோம். அதைத் தொடுவதில்லை என்று எழுதினால் நான் நம்ப வேண்டுமா? யார் உப்பைக் குறைக்கச் சொன்னது?

வராதே என்று நேராகச் சொல்லிவிட்டுப் போயேன், காற்றும் தண்ணீரும் எதற்கு? உனக்கும் நான் பாரமாகத் தெரிகிறேனா? என் பிறந்தநாள் போன மாதம் வந்து போனது. அம்மா இருந்தால் முட்டை அவித்திருப்பாள். நானே இரண்டு அவித்து, கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்து தின்றேன்.

பதில் போடு. நம்பரும் போடு.
ஆண்டனி

*

ஹட்பே
10.5.2025

அக்கா, ஸ்தோத்திரம்.

நலமா என்று கேட்டு எழுதுவது வழக்கம். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கப்பல் வரும் நாளெல்லாம் தபாலாபீசுக்குப் போய் நிற்கிறேன். தபால்காரர் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார், கத்துகிற வேலை அவருக்கு மிச்சம்.

போன கடிதத்தில் பாரம் அது இது என்று எழுதியதில் கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது.

ஆண்டனி

*

சேசு மரி சூசை துணை

பெசன்ட் நகர்
27.5.2025

அன்புத் தம்பிக்கு, நான் சுகம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. கோபம் ஒன்றும் இல்லை. விரலில் மீன் முள் குத்தி வீங்கிவிட்டது, அதனால் பக்கத்து வீட்டு ஆஷாவிடம் சொல்லி எழுத வைக்கிறேன். வியாபாரத்துக்குக் கொஞ்ச நாள் ஓய்வு. வெயில் அதிகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா ரெஜினா

*

ஹட்பே
19.6.2025

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

நாற்பத்தைந்து வருஷமாக மீன் வெட்டுகிற கை. முள் குத்தி ஒரு நாள் நீ வீட்டில் உட்கார்ந்ததை நான் கேள்விப்பட்டதில்லை. சுனாமி வந்த மறு வாரமே கூடையைத் தூக்கியவள் நீ. எனக்குக் காதுதான் போயிற்று, மூளை போகவில்லை.

ஆஷா, நீ இதைப் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். உனக்கும் ஒரு வார்த்தை. அக்கா சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறாய், அது நல்ல பழக்கம். சொல்லாததையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வைத்து அனுப்பு.

அக்கா, நான் வருவதைப் பற்றி நீ என்ன சொன்னாலும் சரி. பிப்ரவரியில் வருவேன். பஞ்சத்தில் பிறந்தவனை நீயும் அம்மாவும் ஊட்டி வளர்த்தீர்கள். கடைசிக் காலத்தில் அந்தப் பஞ்சத்துப் பிள்ளையை வாசலில் நிற்க வைப்பாயா?

ஆண்டனி

*

சேசு மரி சூசை துணை

பெசன்ட் நகர்
3.8.2025

அன்புத் தம்பி ஆண்டனிக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. ஆஷாவை வைத்து எழுதக்கூடிய கடிதம் இல்லை இது. பதினொரு நாளாக எழுதுகிறேன்.

நீ திரும்பத் திரும்பப் பஞ்சத்துப் பிள்ளை என்று எழுதுகிறாய். நீ அது இல்லை.

பதிவேட்டில் இருக்கிற ஆண்டனி வேறு. அறுபத்தாறு பிப்ரவரியில் பிறந்தான், ஆகஸ்டில் இறந்துபோனான். ஆறு மாதம். அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கடைசி வாரம் என்னிடம் சொன்னாள். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு டப்பா பால்பவுடர் என்று கோயிலில் கொடுத்தார்கள். அவனுக்கென்று கொடுத்தது. எனக்கு அப்போது இரண்டு வயது. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் அழல. அழக்கூடத் தெம்பு இல்ல அதுக்கு. நீதான்டி பொடவைய புட்ச்சிக்கினு அழுதே. அழுத வாய்க்கு ஊத்திட்டேன்."

அவன் பாலைக் குடித்து உயிரோடு இருப்பவள் நான், தம்பி. இருபத்தேழு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

நீ பிறந்தது அறுபத்தொன்பது ஜூனில். வலை கிழிய நெத்திலி பட்ட வருஷம். வீட்டில் சோறு இருந்தது. ஞானஸ்நானத்துக்கும் மருத்துவச்சியை விட்டு வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி ஜெபம் சொல்ல வைத்தாள் அம்மா. கோயிலுக்குக் கொண்டு போகவில்லை. "ஏட்டுல எழுதினாத்தானே மேல எடுத்துக்குவாங்க" என்றாளாம். அவன் பெயரையே உனக்கு வைத்தாள். அவன் ஞானஸ்நானக் காகிதத்தையே உனக்கும் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது நாலே முக்கால் வயது. "தம்பி திரும்பி வந்துட்டான்" என்றாள், நானும் நம்பினேன். குப்பத்துப் பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. இன்று அவர்களும் இல்லை. நாலு வயதில், ஏழு வயதுக் காகிதத்தோடு உன்னைப் பள்ளியில் விட்டாள். நீ குள்ளமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பாய்?

சிம்ரா நம் இருவரைப் பற்றித் தனியாக எழுதப் போகிறாள் என்றேன் அல்லவா? படித்த பெண் கையால் பொய்யை எழுத விட எனக்கு மனம் வரவில்லை. அவளிடம் எல்லாம் சொன்னேன். அவள் உன் சீட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் சொன்ன பிறகு உன்னிடம் மறைப்பது தகாது.

அம்மா சொன்ன நாள் முதல், உனக்குப் பார்சல் கட்டும்போதெல்லாம் இன்னொருவனுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சட்டையும் பெரிதாக எடுக்க வருகிறது போலிருக்கிறது.

ஆக உனக்கு இப்போது ஐம்பத்தாறுதான். கோர்ட்டோ ஆபீசோ, எங்கே போக வேண்டுமோ போய் வருஷத்தைத் திருத்திக்கொள். இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் உனக்கு வேலை இருக்கிறது. பிப்ரவரியில் வர வேண்டாம்.

என்னை வெறுக்காதே.
ரெஜினா

*

ஹட்பே
24.9.2025

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. முதலில் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. என் பெயரே எனக்கு இரவல் சட்டை மாதிரி ஆகிவிட்டது. கம்ப்ரசர் அறைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். என் அழுகை எனக்கே கேட்கவில்லை.

அப்புறம் அம்மா சொன்னதை மறுபடி மறுபடி படித்தேன். அழுத வாய்க்கு ஊற்றினாள். வேறு என்ன செய்வாள் அக்கா? இரண்டு வயதுக் குழந்தை யார் பால் என்று கேட்டா குடிக்கும்? நீ குடித்தாய், பிழைத்தாய். அதனால்தான் நான் பிறந்தபோது தூக்கி வைத்துக்கொள்ள ஒரு அக்கா இருந்தாள். அந்தப் பால் அழுத வாய்க்குப் போனதுதான் சரி. எனக்கு வெறுப்பு இல்லை. வெட்கம்தான். பஞ்சம் பட்டவள் நீ. அதைச் சொல்லி மீன் தலையும் முட்டையும் தின்றவன் நான். ஒரு நாளாவது உனக்குத் தலையைக் கொடுத்தேனா?

மானேஜர் வெங்கடேஷிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். நல்ல மனிதர். "திருத்திக்கலாம், நான் லெட்டர் தர்றேன், இன்னும் மூணு வருஷம் இருங்க" என்று எழுதிக் காட்டினார். நான் வேண்டாம் என்றேன். "அப்ப பிப்ரவரி வரைக்குமாவது இருங்க" என்று கீழே எழுதினார். "சார், அந்தக் காயிதத்துல கீறவன் அம்பத்தொம்போது வருசத்துக்கு முன்னயே பூட்டான். அவனுக்கு பிப்ரவரி இன்னா, அக்டோபர் இன்னா?" என்றேன். கத்தியிருக்கிறேன் போல, பிளான்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலையை விட்டுவிட்டேன். அக்டோபர் கடைசியில் சென்னைக்குக் கப்பல். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாளுக்கு முன் வந்துவிடுவேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வருஷா வருஷம் மெழுகுத்திரி ஏற்றுகிறாய். அவனுக்கு இதுவரை யார் ஏற்றினார்கள்? நான் உயிரோடு திரிந்ததால் அவனுக்கு ஒரு திரிகூடக் கிடைக்கவில்லை. நானே வந்து ஏற்றுகிறேன். அவன் பெயரை அவனிடமே கொடுத்துவிட்டு, அப்புறம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. உன் கடிதத்தில் எல்லா வரியும் சரிந்து கீழே இறங்குகிறது. அது இடது கை எழுத்து. ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராமல் போனபோது அவரும் இப்படித்தான் எழுதினார். ஆஷா துண்டுத்தாள் வைக்கவில்லை, அவளைத் திட்டாதே. எனக்குக் காது வராது, உனக்குக் கை வராது, இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் தேறும்.

கடைசியாகக் கேட்கிறேன். உன் நம்பர் என்ன?

உன் தம்பி
ஆண்டனி

*

சேசு மரி சூசை துணை

பெசன்ட் நகர்
9.10.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் சுகமாக இல்லை.

சிம்ரா ஜனவரியில் முதல் தடவை பார்த்தபோது மேல் நம்பர் 196, கீழ் நம்பர் 114. வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்திருக்கும் என்றாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அது என் தப்பு. ஏப்ரல் ஒன்பதாம் தேதி சாஸ்திரி நகரில் மீன் கொடுக்கப் போன பிளாட்டில் லிப்ட் ஓடவில்லை. மூன்றாம் மாடிப் படியில் கூடையோடு விழுந்தேன். வலது கை இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து ஆஷாதான் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். அவள் போன பிறகு வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது, ஆண்டனி. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அவனைப் புதைத்த இடம் தெரியாது. கல்லறையில் கிழக்குச் சுவரோரம் என்று மட்டும் அம்மா சொன்னாள். சுவர் நீளம். மெழுகுத்திரி நான்கு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு முனையிலிருந்து நீ ஏற்று, இன்னொரு முனையிலிருந்து நான் வருகிறேன்.

சட்டை தொளதொள என்றிருந்தாலும் அதையே போட்டுக்கொண்டு வா. கருவாடு கொண்டுவராதே. வந்த அன்று வஞ்சிரத்தில் உப்பு இல்லாமல் குழம்பு வைப்பேன். தலையை எனக்குக் கொடு.

ரெஜினா